மாமியின் முப்பத்தாறு அசைகள்

இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம். பழைய ஒலிநாடாவில் கிடக்கும் இரைச்சல், இருமல், தெருவில் போகும் வாகனம், பின்னால் பேசுகிற ஆள் எல்லாவற்றையும் கணினி தானாகவே பிரித்தெடுத்து, முன்னால் பேசுகிறவரின் குரலை மட்டும் துடைத்துத் தருமாம். நான் இருபத்தாறு வருடம் வேலை செய்த லண்டன் ஒலிக் காப்பகத்தில் போன மாதம் அந்த மென்பொருளை வாங்கியிருக்கிறார்கள். என் நாற்காலியில் இப்போது இருக்கும் நிவேதா, கோயம்புத்தூர்ப் பிள்ளை, தொலைபேசியில் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள்.

"சார், நீங்க ஒரு நாள் முழுக்க உக்காந்து பண்ணதை இது ரெண்டு நிமிஷத்துல பண்ணிடுது. புதுசா சேர்றவங்களுக்குன்னு ஒரு சின்ன புத்தகம் போடறோம். உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க சார். தமிழ்லயே எழுதுங்க, நான் இங்கிலீஷ் பண்ணிக்கறேன்."

"பின்னால பேசுற ஆளை அது என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"எடுத்துடும் சார். சுத்தமா எடுத்துடும்."

"அப்ப கட்டாயம் எழுதுறன்" என்றேன். நான் மகிழ்ந்துபோய்ச் சொல்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிள்ளை, நீ கேட்டது அனுபவம். நான் தருவது நான் செய்த ஒரு பிழை. மொழிபெயர்க்கும்போது எதையும் மெருகேற்றாதே.

என் படிப்பை நான்கு வரியில் முடித்துவிடலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் பாதி படித்தேன். அகதியாக லண்டன் வந்து டூட்டிங்கில் ஒரு கடையின் பின்னறையில் வீடியோ டெக் திருத்தியதில் மீதி. மாலைக் கல்லூரியில் ஒரு சான்றிதழும் எடுத்தேன், அது இன்னும் மோர்டனில் எங்கள் வீட்டு மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. பிறகு ஒரு நாள் காப்பகத்தில் உதவியாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மொழியறிஞர்கள் உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய்ப் பதிந்து வந்த நாடாக்களைக் கெட்டுப்போகுமுன் பிரதி எடுப்பதுதான் வேலை.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் மார்கரெட். ஸ்கொட்லாந்துக்காரி, ஒல்லியான உருவம், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாடாப் பெட்டி ஒன்று வந்தால் மூடியைத் திறந்து முதலில் முகர்ந்து பார்ப்பார். வினாகிரி மணம் அடித்தால் ஒரு வைத்தியம், ஈரச் சுவர் மணம் அடித்தால் வேறு வைத்தியம். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பமாட்டார். எல்லாவற்றையும் பென்சிலால் குறிப்பார், பேனாவை அந்த அறைக்குள் எடுத்துவர விடமாட்டார். நாடாவை ஏற்றியபின், நாடாவைப் படிக்கும் இயந்திரத் தலையை மயிரிழை மயிரிழையாகச் சரித்து, குரல் எங்கே தெளிகிறதென்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதற்குமேல் அவர் செய்யும் ஒரு காரியத்தைப் பார்த்து நான் முதலில் சிரித்திருக்கிறேன். நாடா ஓடும் இயந்திரத்திலிருந்து பதியும் இயந்திரம் வரைக்கும் வயரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே நடப்பார். நடுவில் ஒரு பெட்டியும் இருக்கக்கூடாது. முதல் ஓட்டம் உள்ளது உள்ளபடி பதியப்பட வேண்டும். துடைப்பது, சீராக்குவது எல்லாம் அதிலிருந்து எடுக்கும் இரண்டாவது பிரதியில்தான்.

"எது பேச்சு, எது இரைச்சல் என்று தீர்மானிப்பது நம் வேலை இல்லை" என்பார். "நமக்குப் பிறகு வருகிறவர்கள் எதைத் தேடுவார்கள் என்று நமக்குத் தெரியாது."

ஒவ்வொரு நாடாவுக்கும் ஒரு தாள் உண்டு. அதன் அடியில் ஒரு கேள்வி: மாற்றமில்லாத நேரடிப் பிரதி எடுக்கப்பட்டதா? பக்கத்தில் ஒரு சிறிய சதுரம். அதில் ஒரு சரி அடையாளம் விழுந்தால்தான் நாடா அடுத்த அறைக்குப் போகும். முதல் மூன்று வருடம் என் சதுரங்களை எல்லாம் மார்கரெட் திரும்பப் பார்த்தார். நாலாம் வருடம் பார்ப்பதை விட்டுவிட்டார். அதை நான் பதக்கம் கிடைத்த மாதிரி மனைவிக்குச் சொன்னேன்.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன். வன்னிப் போரில் எல்லாம் முடிந்துகொண்டிருந்த வசந்தகாலம் அது. நாங்கள் எல்லாரும் வேலையை, கடையை, படிப்பைப் போட்டுவிட்டு நாடாளுமன்றச் சதுக்கத்தில் போய் நின்ற வாரங்கள். என் அக்காவும் அத்தானும் வன்னிக்குள் இருந்தார்கள். பத்து நாளாக ஒரு தகவலும் இல்லை.

அந்த வாரத்தில்தான் ஒரு பேராசிரியர் ஏழு நாடாச் சுருள்களைக் கொண்டுவந்தார். அவற்றைப் பதிந்த மொழியறிஞர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. கொலம்பியாவில், அமேசன் காட்டின் மேற்கு ஓரத்தில், ஓர் ஆற்றங்கரை வீட்டில் பதிந்தது. ஒரு மனிதர் துக்கானோ என்ற தம் மொழியில் நானூறு சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அந்த மொழியில் ஒரே சொல்லைக் குரலை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருளாம். அந்த ஏற்ற இறக்கத்தை அளந்து பார்க்கவேண்டும், மூன்று நாளில் ஒரு மாநாட்டுக்குப் பறக்கிறேன் என்றார் பேராசிரியர்.

"பின்னால் யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டே இருக்கிறாள்" என்று அலுத்துக்கொண்டார். "அவளுடைய சத்தம் என் அளவுகளைக் குழப்புகிறது. எடுத்துவிட முடியுமா?"

முடியும் என்றேன். மார்கரெட் அந்த வாரம் எடின்பரோவில், தன் தாயின் வீட்டை ஒழுங்குபடுத்தப் போயிருந்தார்.

சுருள்களில் பூஞ்சணம் பிடித்திருந்தது. முகமூடி போட்டு, மெல்லிய தூரிகையாலும் உறிஞ்சியாலும் துடைத்தேன். ஆனாலும் ஓடும்போது பழுப்புத் தூள் கொட்டியது. ஒரு முறை நன்றாக ஓடும், இரண்டாம் முறை ஓடலாம், மூன்றாம் முறைக்கு நிச்சயமில்லை. முதல் சுருளில் ஐந்து நிமிடம் கேட்டுப் பார்த்தேன். மழை பெய்கிறது, ஒரு சேவல் கூவுகிறது. மனிதர் ஒரு சொல் சொல்கிறார். மொழியறிஞர் எழுதிக்கொள்ளும் இடைவெளியில், தூரத்தில், ஒரு பெண்குரல் மெதுவாக ஏதோ சொல்கிறது. அடுத்த சொல். மறுபடி அவள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் அப்பா யாரோடாவது பேசிக்கொண்டிருந்தால் அம்மா குசினியிலிருந்து அதற்கு மறுமொழி சொல்லிக்கொண்டே இருப்பா. மனுசன் சொல்வதையே இந்த மனுசியும் திருப்பிச் சொல்கிறாள், எந்த ஊரிலும் இது ஒன்றுதான் என்று நினைத்தேன். அவ்வளவு தூரம்தான் என் யோசனை போனது.

அப்போது சதுக்கத்திலிருந்து கணேஸ் அண்ணை போன் எடுத்தார். எங்கள் ஊர்க்காரர், ஸ்ட்ரெதமில் கடை வைத்திருப்பவர்.

"எப்பயடா வாறாய்? ஆக்கள் காணாது. எல்லாரும் வேலை வேலையெண்டு நிண்டா ஆர் வாறது?"

"பின்னேரம் வாறன் அண்ணை."

"பின்னேரம் வந்து என்ன செய்யிறது? எம்பிமார் உள்ளுக்குப் போற நேரத்திலயெல்லோ நாங்கள் சத்தம் போடவேணும்."

ஏழு சுருள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். நேரடிப் பிரதி எடுத்து, பிறகு அதைத் துடைத்து இன்னொரு பிரதி எடுப்பதென்றால் இரட்டை நேரம். நான் என்ன செய்தேன் என்றால், வயரின் நடுவில் 'கேட்' என்று நாங்கள் சொல்லும் பெட்டியைச் செருகினேன். அது பெயருக்கேற்ற படலைதான். பெரிய சத்தம் வந்தால் திறக்கும், சத்தம் குறைந்தால் மூடிக்கொள்ளும். மனிதர் பேசும்போது திறந்தது. அவர் முடித்ததும் மூடியது. மழையும் சேவலும் அந்தப் பெண்ணும் வெளியே நின்றார்கள். பேராசிரியருக்கு வேண்டியதை இப்போது கொடுத்துவிடுவோம், நேரடிப் பிரதியைத் திங்கட்கிழமை ஆறுதலாக எடுக்கலாம், நாடா இன்னொரு ஓட்டத்துக்குத் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாடா சிக்கினால் உடனே தெரியவேண்டும் என்பதற்காக என் ஹெட்போனை ஓடும் இயந்திரத்திலேயே நேராகச் செருகியிருந்தேன். அதனால் எனக்கு எல்லாம் கேட்டது. பதியும் இயந்திரத்துக்கு மனிதர் மட்டும் கேட்டார். மூன்று காலைகள், ஏழு மணி நேரம், அந்தப் பெண் என் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தாள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாள்களை நிரப்பினேன். திங்கட்கிழமை திரும்ப எழுதுவானேன் என்று ஏழு சதுரத்திலும் சரி போட்டேன். கோட்டை எடுத்துக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சதுக்கத்துக்கு ஓடினேன். எங்கள் குரலைக் கேளுங்கள் என்று கத்தப் போகிற அவசரத்தில் ஒரு பெண்ணின் குரலை மூடிவிட்டுப் போனேன். இதை இவ்வளவு வெளிப்படையாக எழுத எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த திங்களும் போகவில்லை. பிறகு எல்லாம் முடிந்தது. அக்கா முகாமுக்கு வந்து சேர்ந்தா. அத்தான் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. நான் காப்பகத்துக்குத் திரும்பியபோது பூஞ்சணச் சுருள்கள் வைக்கும் தட்டு வெறுமையாக இருந்தது.

மார்கரெட் எனக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். அந்த அறைக்குள் கோப்பை வந்தது அதுதான் முதல் தடவை. அக்காவைப் பற்றிக் கேட்டார். கையை என் தோளில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"அந்தக் கொலம்பியச் சுருள்களை எரிக்க அனுப்பிவிட்டேன்" என்றார். "பூஞ்சணம் பக்கத்துப் பெட்டிகளுக்குத் தொற்றத் தொடங்கியிருந்தது. உன் தாள்களைப் பார்த்தேன், நேரடிப் பிரதி எடுத்ததாகப் போட்டிருந்தாய். சரிதானே?"

"சரி" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் விழுங்கியிருக்கலாம். வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை. இரக்கப்பட்டு ஒருவர் தோளில் கை வைத்திருக்கும்போது நான் பொய்யன் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பேராசிரியர் நன்றிக் கடிதம் எழுதினார். இவ்வளவு தெளிவான பிரதியைத் தான் கண்டதில்லையாம். மார்கரெட் அதை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். அது மஞ்சளாகும் வரைக்கும் அங்கேயே இருந்தது. அவர் ஓய்வு பெற்றார், பிறகு இறந்தும் போனார். அவரிடம் நான் சொல்லவேயில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் லூசியா வந்தார். நாற்பத்தைந்து, ஐம்பது வயதிருக்கும், கொலம்பியாவில் அந்த ஆற்றங்கரைகளில் ஒன்றில் பள்ளி ஆசிரியை. ஒரு பட்டறைக்காகப் பல்கலைக்கழகம் அழைத்திருந்தது. ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்குச் சொல்ல ஓர் ஆய்வு மாணவர் கூட வந்தார். லூசியாவின் மொழி யுருதி. துக்கானோவுக்குச் சொந்தக்கார மொழிதான், ஆனால் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. தம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த மொழியில் ஓர் அரிச்சுவடி செய்துகொண்டிருந்தார்.

"இந்தக் காப்பகத்தில் அவருடைய சித்தியோ அத்தையோ ஒருவரின் குரல் இருக்கிறதாம்" என்றார் மாணவர். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆன்ட்' என்ற ஒரே சொல்தானே.

"அப்பாவின் சகோதரியா, அம்மாவின் சகோதரியா?" என்று கேட்டேன்.

லூசியா நிமிர்ந்து பார்த்தார். லண்டனில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றார். அப்பாவின் அக்கா. அப்படியென்றால் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மாமி என்றேன். அவருடைய பிள்ளைகளை நீங்கள் கலியாணம் செய்யலாம், அப்பாவின் தம்பி பிள்ளைகளைச் செய்யமுடியாது, அவர்கள் சகோதரங்கள். அப்படியே, அப்படியே என்று மேசையைத் தட்டினார். பிறகு எங்களிடம் இல்லாத ஒன்றைச் சொன்னார். அவர்களிடம் ஒரே மொழி பேசுகிற எல்லாருமே சகோதரங்கள். அதனால் வேறு மொழிக்காரரைத்தான் கட்டவேண்டும். பிள்ளைகளுக்குத் தகப்பன் மொழிதான் சொந்த மொழி. கட்டிப் போகிற பெண் புருசன் வீட்டில் ஆயுள் முழுக்கத் தன் தகப்பனின் மொழியைப் பேசுவாள். அவன் அவனுடையதில் பதில் சொல்வான். இரண்டு பேருக்கும் இரண்டும் விளங்கும்.

"மாமி துக்கானோக்காரரைக் கட்டிப் போனவர்" என்றார். "அவர் புருசனிடம்தான் அந்த மொழியறிஞர் சொற்களைக் கேட்டிருக்கிறார். அவர் குறிப்பேட்டின் ஓரத்தில், மனைவி ஒவ்வொரு சொல்லுக்கும் தன் மொழியில் பதில் சொல்கிறாள், பதிவு கெடுகிறது என்று எழுதியிருக்கிறது. நானூறு சொற்கள். என் அப்பாவும் போய்விட்டார், அந்த வயதுக்காரர் யாருமே இல்லை. பிள்ளைகளுக்கு எழுதுவதற்கு எனக்கே பல சொற்கள் தெரியாது."

எந்தப் பதிவு என்று கேட்கத் தேவையில்லை.

நான் எடுத்த பிரதியை ஒலிபெருக்கியில் போட்டேன். மனிதர் ஒரு சொல் சொன்னார். லூசியா ஒலிபெருக்கிப் பக்கம் சாய்ந்தார். ஒன்றுமில்லை. அடுத்த சொல். ஒன்றுமில்லை. சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கை காட்டினார். கூட்டினேன். மனிதரின் குரல் அறையை அதிரவைத்தது, அதன் பிறகு ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லாத மௌனம். இருபது சொற்கள் அப்படிப் போயின. ஒவ்வொரு இடைவெளியிலும் அவர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"மைக்கில் விழவில்லைப் போலிருக்கிறது" என்றார் மாணவர் பரிவோடு.

நான் இயந்திரத்தை நிறுத்தினேன். லூசியா இன்னும் இரண்டு நாள் லண்டனில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டா. "என்னப்பா, ஒரு மாதிரி இருக்கிறியள்?" முதல் தடவையாக முழுவதையும் சொன்னேன். அவ அரிசி கழுவுவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பெடியன்தான் மைக்கில விழேல்லையெண்டு சொல்லிப்போட்டானெல்லோ. அதோட விடுங்கோவன். பென்சனுக்கு இன்னும் ஒரு வருசம்தானே கிடக்கு."

"ஓம்."

அரிசியை இன்னொரு தண்ணீரில் கழுவிவிட்டு, "அவ எவ்வளவு தூரத்தில இருந்து வந்தவ?" என்று கேட்டா.

"ஆத்தால வள்ளத்தில ரெண்டு நாள். பேந்து மூண்டு பிளேன்."

மனைவி தண்ணீரை வடித்தா. "அப்ப சொல்லத்தான் வேணும். உங்கட அத்தான்ர செய்தி தெரிஞ்சும் ஆராவது சொல்லாமல் ஒளிச்சு வச்சிருந்தா உங்கட அக்கா எப்பிடித் துடிச்சிருப்பா? நாளைக்கே சொல்லிப்போடுங்கோ. வேலையால நிப்பாட்டினா நிப்பாட்டட்டும்."

அடுத்த நாள் காலை முதலில் மேலதிகாரியிடம் சொன்னேன், பிறகு லூசியாவிடம். அந்தப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, அது எப்படி மூடுகிறது என்று காட்டினேன். சரி அடையாளம் போட்ட ஏழு தாள்களையும் காட்டினேன். மாணவர் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். லூசியா தாள்களை வரிசையாக அடுக்கினார், மறுபடி பிரித்து வைத்தார்.

"ஏன் அவசரப்பட்டீர்கள்?" என்று கேட்டார்.

தப்பிக்கச் சாட்டாகச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு, சதுக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அக்கா வந்தாரா என்று கேட்டார். அக்கா வந்தா, அத்தான் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். பெட்டியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"மாமி இருந்த வீட்டில் அவருடைய மொழியை வேறு யாருமே பேசவில்லை" என்றார். "ஐம்பது வருடம் தனியாகப் பேசினார். ஆனால் அந்த வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் அவரை நிறுத்தச் சொன்னதில்லை."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வரும்போது, அந்தப் பெட்டியின் கதவு சாத்த எடுக்கும் நேரம் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெட்டி உடனே மூடுவதில்லை. சத்தம் நின்றபின் அரை வினாடி திறந்திருந்துதான் மூடும். புருசன் சொல்லி முடித்த கையோடு அவசரப்பட்டு மாமி பதில் சொல்லியிருந்தால், அந்த அரை வினாடிக்குள் கொஞ்சம் விழுந்திருக்க வேண்டும்.

அன்று முழுக்க நானூறு சொற்களின் வாலையும் ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கேட்டேன். சாப்பிடப் போகவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்குக் கணக்கு முப்பத்தாறு. முப்பத்தாறு இடத்தில் ஒரு பெண் ஒரேயோர் அசையைச் சொல்கிறாள், பிறகு கதவு சாத்துகிறது.

மூன்றாம் நாள் லூசியாவை என் நாற்காலியில் இருத்தி, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். இன்னொன்றை நான் மாட்டிக்கொண்டேன். முதல் அசை வந்ததும் அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். மாமியின் குரலை அவர் கேட்டு முப்பது வருடம் இருக்குமாம். பிறகு குறிப்பேட்டைத் திறந்தார்.

ஓர் அசையை வைத்துக்கொண்டு என்ன செய்யமுடியும் என்று நான் நினைத்தது தவறு. அவர் தன் மூக்கைப் பிடித்துக் காட்டி எனக்கு விளக்கினார். எங்களுக்கு ங, ஞ, ண, ந, ம, ன என்று மூக்கால் வருகிற எழுத்துகள் தனித்தனியாக உண்டு, வந்துவிட்டுப் போகும். அவர்களுக்கு அப்படியில்லை. ஒரு வேர்ச்சொல் மூக்கால் வருவதென்றால் அது முழுவதும் மூக்கால்தான் வரும், சோற்றில் போட்ட உப்பு ஒரு பக்கம் மட்டும் நிற்காதது போல. அந்தச் சொற்களில் ப வரவேண்டிய இடத்தில்கூட ம வந்துவிடும். ஆகவே முதல் அசை மூக்கில் நிறைந்திருந்தால் மிச்சமும் அப்படித்தான் என்று தெரிந்துவிடும். குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் தெரியாது. அது அடுத்த அசையில் இருக்கிறது. அதை நான் வெட்டியிருந்தேன்.

பெரும்பாலானவை அவருக்குத் தெரிந்த சொற்கள். மாமி தொடங்க, இவர் அதே குரலில் முடித்தார். மீன், பாம்பு, மழைக்காலம், மரவள்ளி மாவை வாட்டும் தட்டு. சிலவற்றுக்குச் சிரித்தார். ஒரு பூச்சியின் பெயரைத் தான் இத்தனை நாளும் மூக்கால் சொல்லாமல் பிழையாகச் சொல்லி வந்திருப்பதாகச் சொல்லித் தலையில் தட்டிக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த காரியம் கொஞ்சம் சிறுத்துப்போனது போல எனக்கு ஓர் ஆறுதல் வந்தது.

இருபத்தொன்பதாவது வந்தது. புருசன் சொன்னது ஒரு சிறிய தவளையின் பெயர். மழை தொடங்கும்போது வருடத்தில் ஒரு தடவை கூட்டமாக இறங்கி வரும், கூடை கூடையாகப் பிடித்துச் சமைப்பார்களாம். மாமி பதில் சொல்லத் தொடங்கினார், கதவு சாத்தியது. லூசியா வாயைத் திறந்தார். மூடினார். இன்னொரு தடவை என்று விரல் காட்டினார். நாலு தடவை போட்டேன்.

சின்ன வயதில் கூடையோடு போனது ஞாபகம் இருக்கிறதாம். பிறகு கிறிஸ்தவ விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டார்கள், அங்கே ஸ்பானியம்தான். ஊருக்குத் திரும்பி வந்தபோது எல்லாரும் அந்தத் தவளைக்குத் துக்கானோப் பெயரைத்தான் சொன்னார்கள். தங்கள் சொல்லைக் கேட்டு நாற்பது வருடமாகிறது. நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது என்றார். கேட்பதற்கு ஊரில் இனி ஆளில்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"பெட்டி மூடியபோது உங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது என்று சொன்னீர்கள்."

"ஓம். எனக்குக் கேட்டது."

"இந்தச் சொல்லும்?"

"எல்லாச் சொல்லும்."

"அப்படியென்றால் இதைக் கடைசியாகக் கேட்டவர் நீங்கள்தான்" என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை, எதிர்பார்ப்புத்தான் இருந்தது. முன்னால் சாய்ந்து, என் முகத்தைப் பார்த்து, அந்த முதல் அசையை மாமியின் குரலிலேயே மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, நான் முடிப்பதற்காக நிறுத்தினார்.

கண்ணை மூடிக்கொண்டேன். தகரத்தில் விழுந்த மழை ஞாபகம் வந்தது. சேவல் ஞாபகம் வந்தது. மனிதர் ஒரு சொல்லுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் தொண்டையைச் செருமுவது வந்தது. அன்று கணேஸ் அண்ணை போனில் சொன்னது ஒவ்வொன்றாக வந்தது. அவளுடைய குரல் மெல்லியது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றுமே வரவில்லை.

லூசியா மறுபடியும் அந்த அசையைச் சொன்னார். பென்சில் தாளின்மேல் தயாராக நின்றது.

"ஞாபகம் இல்லை" என்றேன். மாணவர் மொழிபெயர்க்கப் போனார், லூசியா கையை உயர்த்தி வேண்டாம் என்றார். விளங்கிவிட்டது. குறிப்பேட்டில் அந்த ஓர் அசையை எழுதினார். அதற்குப் பக்கத்தில் மிச்சத்துக்கு இடம் விட்டார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அடுத்ததைப் போடச் சொன்னார்.